வாக்கில்லாத வீட்டில் ஒரு தேர்தல்

அந்த ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வாக்கு இல்லை. தேர்தல் இலங்கையில். நாங்கள் இருந்ததோ மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், மூன்றாம் மாடியில். அப்பாவும் மாமாவும் கையை உயர்த்திச் சத்தியம் செய்து கனடாக் குடியுரிமை எடுத்து முடித்தவர்கள். ஆனாலும் அந்த மாரிகாலம் முழுக்க, அடுத்த ஜனாதிபதியை எங்கள் குசினி அடுப்படியில் வைத்துத்தான் தெரிவுசெய்யப் போகிறார்கள் என்பதுபோல இரண்டு பேரும் நித்திரை கெட்டுத் திரிந்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. அப்பாவுக்கு சென்ட் லோரன்டில் தொழிற்சாலை வேலை. எனக்குப் பனியில் சறுக்கப் பழக்கியவர் மாமா. என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சுக் கட்டுரையைத் தன் சமையலறைப் பிரெஞ்சில் திருத்தித் தந்து, டீச்சரிடம் எனக்கு நல்ல பேச்சு வாங்கித் தந்தவரும் அவர்தான். பத்து வயதில் எனக்கு மாமா இல்லாத வீடு என்றால் அது வீடே இல்லை.

அப்பாவின் கட்சி இது: இருக்கிற பேய்களில் சின்னப் பேயைப் பார்த்து ஊரில் உள்ளவர்கள் வாக்குப் போட வேண்டும், போட்டால்தான் நாளைக்கு ஒன்றைக் கேட்கலாம். மாமாவின் கட்சி: பேயில் சின்னது பெரியது கிடையாது, எல்லாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். அப்பா ஒரு இணையத்தளம் பார்ப்பார், மாமா வேறொன்று. யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு கூட்டம் அப்பாவின் தளத்தில் 'அலைமோதிய மக்கள் வெள்ளம்', மாமாவின் தளத்தில் 'வெறிச்சோடிய மைதானம்'. மைதானமும் ஒன்றுதான். ஒருவன் மேடையிலிருந்து எடுத்திருப்பான், மற்றவன் பின்வரிசையிலிருந்து. மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு திரைகளையும் பார்த்துவிட்டு நான், இரண்டு ஊர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் இடியப்பம் சாப்பிடும்போது குரல்கள் உயர்ந்தன. அம்மா கரண்டியைச் சொதிச் சட்டிக்குள் போட்ட வேகத்தில் மேசை முழுக்கச் சொதி.

"இண்டையோட சரி. இந்த வீட்டுக்குள்ள தேர்தல் கதை ஒருத்தரும் கதைக்கக் கூடாது. கதைக்கிறதெண்டால் வெளியில போய்க் கதையுங்கோ."

இரண்டு பேரும் அடங்கிப் போனார்கள். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

அம்மாவின் சட்டங்களில் இன்னொன்றும் இருந்தது. எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருந்தாலும் குசினிச் சுவரில் வயரோடு ஒரு பழைய போன் தொங்கியது. அதில் ஒருவரும் கதைக்கக் கூடாது. மூன்று தரம் வீடு மாறியும் அம்மா அந்த இலக்கத்தை மட்டும் மாற்ற விடவில்லையாம். அதற்குப் பக்கத்தில் சின்ன மாமாவின் படம். சின்ன மாமா அம்மாவுக்கும் மாமாவுக்கும் கடைசித் தம்பி. அவர் எங்கே என்று கேட்டால் "வருவார்" என்பார்கள், அவ்வளவுதான். அந்த போன் அடித்தால் அம்மா குளியலறையிலிருந்தும் ஈரக் கையோடு ஓடிவருவார். மறுபக்கத்தில் யாரோ ஒருவன் "பொன்ஜூர் மடாம்" என்று கம்பளம் கழுவ வரட்டுமா என்று கேட்பான். அம்மா "மெர்சி" சொல்லி வைத்துவிடுவார். எனக்கு அது பெரிய பகிடி. அம்மா ஓடிவருவதை நடித்துக் காட்டி மாமாவைச் சிரிக்க வைக்கப் பார்ப்பேன். அதற்கு மட்டும் அவர் சிரிக்கவே மாட்டார்.

சட்டம் வந்ததும் அரசியல் வானொலிக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் தமிழ் வானொலியில் தேர்தல் விவாதம், நேயர்கள் போன் எடுத்துக் கதைக்கலாம். அம்மா அந்த நேரம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலையில் நிற்பார். சொந்தப் பெயரில் கதைப்பதற்கு ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. ஊரில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், நாளைக்கு யார் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஆளாளுக்கு ஒரு கள்ளப் பெயர். அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு 'சென்ட் லோரன்டிலிருந்து சிவம்' ஆவார். குசினியில் வானொலியைக் குறைத்து வைத்திருப்பது என் உத்தியோகம். இல்லாவிட்டால் அறிவிப்பாளர், "சிவம் அண்ணை, உங்கட ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ" என்று மானத்தை வாங்கிவிடுவார்.

முதல் ஞாயிறே சிவம் அண்ணைக்கு ஒரு எதிரி முளைத்தார். 'டவுன்டவுனிலிருந்து ராஜன்'. நான் வானொலிப் பெட்டியில் காதை ஒட்டி வைத்துக் கேட்டேன். ஐயோ, மாமாவின் குரல்! மூக்கைப் பிடித்ததுபோல மாற்றிக் கதைத்தாலும் எனக்குத் தெரியாதா? குசினி யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே மாமாவின் கார் புகை கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு கை மேலும் கீழும் ஆடியது. கை ஆடிக் கொஞ்சம் பிந்தித்தான் வானொலியில் அதற்குரிய சத்தம் வந்தது.

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவில்லை. என்னோடு படித்த ஒருத்தியின் அப்பாவும் சித்தப்பாவும் இதற்கு முந்திய தேர்தலில் சண்டை பிடித்து இரண்டு வீடாகிப் போனவர்கள். அவளுக்குத் தைப்பொங்கல் ஒரு வீட்டில்தான், மற்ற வீட்டுப் பொங்கலை அவள் கண்ணாலும் காண்பதில்லை. ராஜன் என்பது மாமாதான் என்று அப்பாவுக்குத் தெரிந்தால்? சிவம் என்பது தன் அத்தான்தான் என்று மாமாவுக்குத் தெரிந்தால்? மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரே! பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். தேங்காய் வாங்கக் காசு மாமாவிடம்தான் கேட்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

அவர்களோ ஒன்றும் நடவாததுபோல இருந்தார்கள். கடைக்குச் சாமான் வாங்கப் போனால் கடைக்காரர், "நேற்று அந்த ராஜன் சிவத்துக்கு நல்லாக் குடுத்தான், கேட்டியளோ?" என்பார். மாமா வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே, "ஓமோ? நான் ரேடியோ கேக்கிறேல்லை அண்ணை" என்பார். அப்பா அரிசி மூட்டையைத் தூக்கியபடி, "அந்த ராஜன் சரியான அலம்பல்" என்பார். மாமா அந்த மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு காருக்கு நடப்பார். நடுவில் நான், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

ஒரு ஞாயிறு மாமா வாய் தவறிவிட்டார். சூடு ஏறி, "உங்களுக்கு ஒண்டும் விளங்காது அத்தான்!" என்றார். அறிவிப்பாளர் சிரித்தார். "ராஜன் அண்ணை, விவாதத்துக்குள்ள சம்பந்தமும் கலந்திட்டியளே!" நான் அறைக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே அப்பா தயங்காமல் அடுத்த கருத்துக்குப் போய்விட்டார். கவனிக்கவில்லை, தப்பினோம் என்று மூச்சு விட்டேன். எவ்வளவு மொக்கு நான்!

தேர்தலுக்கு முந்திய கடைசி ஞாயிறு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா அறையில், மாமா காரில், நான் குசினியில் என் உத்தியோகத்தில். திடீரென்று வாசல் கதவு திறந்தது. அம்மா! பனி கூடிவிட்டதென்று நேரத்தோடு அனுப்பிவிட்டார்களாம். நான் பாய்ந்துபோய் வானொலியை அடியோடு குறைத்தேன்.

"கீழ மாமா காருக்கை இருந்து என்ன செய்யிறார்?"

"காரில பனி தட்டுறார்" என்றேன்.

"உள்ளுக்கிருந்தோ?" அம்மா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "ரேடியோவைக் கூட்டு."

கூட்டினேன். சிவம் அண்ணை சொல்லிக்கொண்டிருந்தார், வாக்குப் போட்டால்தான் காணாமல் போனவர்களைப் பற்றியாவது வருகிறவனிடம் கேட்கலாம் என்று. ராஜன் அண்ணை இடையில் விழுந்தார். "யாரைக் கேக்கப் போறியள்? ஆக்கள் இருந்தால்தானே கேக்கிறதுக்கு? எல்லாம் முடிஞ்சுது. இனி ஒருத்தரும் வரமாட்டினம். அதை முதல் ஒத்துக்கொள்ளுங்கோ!"

அம்மா போய்ச் சுவர் போனை எடுத்தார். ஒருவரும் தொடக்கூடாத அந்த போனை! வானொலிக்காரரின் இலக்கத்தை எங்கும் பார்க்காமல் அழுத்தினார். அது அவருக்கு எப்படிப் பாடம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. பழக்க தோஷத்தில் வானொலியைக் குறைத்தேன்.

கொஞ்சம் காத்திருந்துவிட்டு அம்மா கதைத்தார். "பேர் வேண்டாம் தம்பி. இப்ப கதைச்ச ராஜன் அண்ணையிட்ட ஒண்டு கேக்க வேணும். உங்கட வீட்டில ஆரையேன் காணேல்லையோ? இல்லையெண்டால் அதைப் பற்றிக் கதையாதேங்கோ. இருந்தால், வரமாட்டினமெண்டதை ரேடியோவுக்கு வந்து சொல்லாதேங்கோ. வீட்டை போய் உங்கட அக்காட்டைச் சொல்லுங்கோ."

வைத்துவிட்டார். அறைக்குள் அப்பாவின் குரல் நின்றுபோனது. யன்னலால் பார்த்தேன். காருக்குள் கை ஆடவில்லை. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா தலையில் பனியோடு மேலே வந்தார். அப்பா அறையிலிருந்து வந்தார். இப்போதுதான் இடி விழப்போகிறது என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். அப்பா சாதாரணமாக, பாதியில் விட்ட கதையைத் தொடர்வதுபோல, "தம்பி, நீ அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். மாமா, "ஓம் அத்தான்" என்றார். ஒருவரும் ஒருவரைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. அந்த இரகசியத்தை இவ்வளவு நாளும் காத்துத் தேங்காய் நேர்ந்தவள் நான் ஒருத்திதான்.

அம்மா மாமாவுக்கு முன்னால் போய் நின்றார். "இப்ப சொல்லு. எனக்குச் சொல்லு."

மாமா நிமிரவில்லை. தலைப்பனி உருகிக் கழுத்தால் ஓடியது. "எனக்குத் தெரியாது அக்கா" என்றார்.

"அப்ப தெரியாதெண்டு சொல்லு. எங்கை போய்க் கதைச்சாலும் தெரியாதெண்டு சொல்லு." அம்மா துவாயை எடுத்து மாமாவின் தலையைத் துடைத்துவிட்டார், ஏதோ சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல, கோபத்தோடு.

பிறகு எல்லாரும் சாப்பிட்டோம். தேர்தலில் யாரோ வென்றார், யாரோ தோற்றார். மாமா எங்கேயும் போகவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தேன், மாமாவின் காசில்.

ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு நடுவே அம்மா இரண்டு தரம் எழும்பிப் போய்ச் சுவர் போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். இலக்கம் ஒன்றும் அழுத்தவில்லை. ஒருவரோடும் கதைக்கவில்லை. மாமாவும் அப்பாவும் சோற்றில் கையை வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேலை செய்யுதோ?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"செய்யுது" என்றார் அம்மா. "நான் கதைச்ச நேரம் பார்த்து ஆரேன் இந்த போனுக்கு அடிச்சிருப்பினமோ தெரியாது" என்றும் சொன்னார். கம்பளம் கழுவுகிறவனைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் மட்டும் பலமாகச் சிரித்தேன்.