குளோரியா டீச்சரும் சாக்பீஸ் தூசியும்

போர்டில் எழுதத் தொடங்கும் முன் குளோரியா டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு மூச்சு இழுத்துக்கொள்வார். அது தீரும்வரை எழுதுவார். பிறகு மறுபடியும் ஜன்னல். மர்பி டவுன் பள்ளியில் நான் ஆயாவாகச் சேர்ந்து பதினோரு வருடமாகிறது. முதல் வாரத்திலேயே கவனித்தது இது. டீச்சர் யோசிக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும்.

காரணம் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் ஒருநாள் அவர் பாத்ரூமில் இன்ஹேலர் அடித்துக்கொண்டிருந்தபோது நான் வாளியோடு உள்ளே போய்விட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத, சாந்தகுமாரி. வருஷா வருஷம் புது ஆர்டர் குடுத்துத்தான் என்னை வேலைக்கு எடுக்கிறாங்க. வீசிங்னு தெரிஞ்சா க்ளாஸ் குடுக்க மாட்டாங்க."

நான் யாரிடம் பேசப்போகிறேன்? அன்றிலிருந்து அவருடைய நாலாம் வகுப்புப் போர்டை ஈரத்துணியால்தான் துடைப்பேன். டஸ்டரை மைதானத்துக் கோடியில் கொண்டுபோய்த் தட்டுவேன்.

போன ஜூலையில் மூன்று அதிகாரிகள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். அன்று காலையிலேயே ஹெட்மாஸ்டர் ரங்கநாதன் சார் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, போர்டு பூரா வெள்ளை வெள்ளையா கோடு? திருநீறு பூசி வெச்சிருக்கியா? காஞ்ச டஸ்டர் போட்டு நல்லா தேய். ஜன்னலையும் சாத்து. ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க, தூசி வருது."

"சார், ஜன்னல்..."

"ஏன், தாழ்ப்பாள் இல்லியா?"

சாத்தினேன். அழுத்தித் தேய்த்தேன். போர்டு கன்னங்கரேலென்று ஆனது. தூசி முழுவதும் அறைக்குள்ளேயே நின்றது. உள்ளே வந்த டீச்சர் முதலில் ஜன்னலைப் பார்த்தார், அப்புறம் என்னை.

பின்னக் கணக்கு நடத்தினார். நான் வாசலில் நின்றிருந்தேன். மூன்றாவது கணக்கின் பாதியில் சாக்பீஸ் நின்றது. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"கன்டின்யூ மேடம்," என்றார் வந்தவர்களில் ஒருவர்.

முன்பெஞ்சுத் தீபிகா எழுந்துவிட்டாள். "டீச்சர், தண்ணி குடுக்கட்டா?"

டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்று. ஆனால் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. இன்ஹேலர் ஸ்டாஃப் ரூமில் அவர் பையில் இருந்தது. எடுத்து வந்தால் எல்லாருக்கும் தெரிந்துபோகும்.

ஓடினேன். வந்ததும் முதலில் ஜன்னலைத் திறந்துவிட்டு, அத்தனை பேர் எதிரிலும் இன்ஹேலரை அவர் கையில் வைத்து அழுத்தினேன். இரண்டு முறை இழுத்த பிறகுதான் அவருக்கு மூச்சு திரும்பியது.

"எத்தனை நாளா இது?" என்றார் ரங்கநாதன் சார். நான்தான் முந்திக்கொண்டேன்.

"எனக்குத் தெரிஞ்சு எட்டு வருஷம் சார். ஒருநாள்கூட பாடம் நின்னதில்ல. இன்னிக்கு நான் கெளப்பின தூசி சார்."

சார் அதிகாரிகளை அழைத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்.

இந்த ஜூனில் டீச்சருக்கு ஆர்டர் வந்தது, லைப்ரரிக்கு. நாலாம் வகுப்பைப் பரத் என்ற புது சார் எடுக்கிறார், அதே சாக்பீஸ்தான். குளோரியா டீச்சர் என்னோடு பேசுவதில்லை.