முந்தானைக்குள் வள்ளி

யுத்த காலம். நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு, பெட்ரோல் கிடைக்காததால் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் போனோம். ஐந்து வயது மகள் வள்ளிக்குப் புதுப் பாவாடை கட்டியிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஜன்னல் படுதாவை இறக்கி, அவள் முகத்தை முந்தானையால் மூடினேன். மறுபடியும் எடுத்தாள். இன்னும் இறுக்கி மூடினேன்.

பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க அம்மிணி, கரி நாத்தத்துல புள்ளைய இப்படி மூடுனா என்னத்துக்கு ஆவுறது?"

படுதாவைச் சுருட்டிவிட்டு, வள்ளியை மடியில் வாங்கி முன்பக்கம் பார்க்க உட்கார வைத்தாள்.

"சாமி, அந்த மலையவே பாத்துக்கிட்டு வா."

பஸ்ஸே வள்ளியைப் பார்த்தது. இத்தனை கண்ணும் பட்டுவிடுமே என்று பயந்தேன். ஆனால் சேலம் வருவதற்குள் பிள்ளை தெளிந்து, பொரி கேட்டாள்.

"மூச்சு முட்டுதுன்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றேன்.

"சொன்னேம்மா. நீதான் இன்னும் மூடுனே."

ஊர் திரும்பியதும் வழக்கப்படி உப்பும் மிளகாயும் கையில் எடுத்து அவளைச் சுற்றினேன். யார் கண்ணென்று சொல்லி அடுப்பில் போடுவது? அதுதான் தெரியவில்லை. மூடிய கையைத் திறந்து, உப்பையும் மிளகாயையும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தேன்.