முதல் கவளம் புரூனோவுக்கு

இஞ்ஞாசிமுத்து வலக்கையால் புரூனோவின் காதைத் தடவிக்கொண்டே, இடக்கையில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, வீடியோவில் உலகத்துக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"நாயத் தடவுங்க லா. பிரஷர் தானா எறங்கும். எனக்கு டாக்டர் இவன்தான்."

இறங்குவது உண்மைதான். ஆனால் விடிந்ததும் கிளினிக் மாத்திரையை விழுங்கும் சடங்கு கதவுக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. அதை எடுத்துக் கொடுக்கும் மனைவி அகத்தாவுக்குப் படத்தில் இடமில்லை.

கூலிம் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தவரை அவர் யாரையும் குணப்படுத்தியதில்லை. பலருக்குத் தலைவலி கொடுத்ததாகவே கேள்வி. ஓய்வு பெற்றுப் பாலிங் ஊருக்கு வந்த பிறகுதான் ஞானம் பிறந்தது. பாதி நாயைப் பற்றி, மீதி காளானைப் பற்றி. மழை விட்டதும் பையோடு ரப்பர் பால்மரக் காட்டுக்குள் நுழைந்துவிடுவார். விழுந்த கட்டையில் முளைத்தது, கரையான் புற்றில் முளைத்தது, இன்னதென்றே தெரியாமல் முளைத்தது எல்லாம் பைக்குள் போகும். சர்க்கரை, கொழுப்பு, மூட்டுவலி, மறதி என எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரு காளான் உண்டு. மறதிக்கு எந்தக் காளான் என்பதை மட்டும் மறந்துவிடுவார்.

சமைத்ததும் முதல் கவளம் புரூனோவுக்கு. தம் கையாலேயே ஊட்டுவார். பிறகுதான் தமக்கு, அதுவும் உடனே இல்லை. ஒரு கோப்பி குடித்து, செய்தித்தாளைப் புரட்டி, வால் ஆடுகிறதா, வாயில் நுரை வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துத் திருப்தியான பிறகு. கோயில் ஜெபக்கூட்டத்தார் இதைப் பாசம் என்கிறார்கள். அகத்தா காளான் பக்கமே போவதில்லை. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தன் சோற்றைத் தின்றுவிடுவாள்.

போன வெள்ளிக்கிழமை மூட்டுவலிக்கு மருந்து கேட்டு, ஜெபக்கூட்டத்து ரோனால்டும் அவர் மனைவி ஜானிஸும் வந்தார்கள். மலையடிவாரத்தில் புதிதாகக் கிடைத்த சிவப்புக் குடைக் காளான் குழம்பில் மிதந்தது. இஞ்ஞாசிமுத்து வழக்கம்போல நாய்க்கு நீட்டினார்.

ஜானிஸ் உருகிப்போனாள். "பாருங்கக்கா, நாய்க்கு ஊட்டிட்டுத்தான் சாப்பிடுறாரு. நம்ம வீட்டுல உள்ள மனுசன், எனக்கு இருக்கான்னு பாக்காமலே சட்டிய வழிச்சிரும்."

புரூனோ முகர்ந்தது. தும்மியது. எழுந்துபோய் வாசல் கேட்டருகே படுத்துக்கொண்டது. இழுத்து வந்து, தங்கமே, அப்பாவுக்காக ஒரு வாய் என்று கெஞ்சினார். வாயை இறுக மூடிக்கொண்டது. விரலால் திணித்துப் பார்த்தார். துப்பியது.

ரோனால்ட் கரண்டியைக் கீழே வைத்தார். "என்னாண்ணே, ஒங்க டாக்டரே வேணாங்குறாரு?"

"அவனுக்கு வயிறு மந்தம்."

"அப்ப நீங்க ஒரு வாய் சாப்பிடுங்கண்ணே. பாத்துட்டு நாங்களும் சாப்பிடுறோம்."

இஞ்ஞாசிமுத்து குழம்பைப் பார்த்தார். மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். "இன்னிக்கு வெள்ளிக்கெழம. நான் ஒருசந்தி."

காலையில் உள்ளே போன இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு எந்த விரதத்தில் சேர்த்தி என்று கேட்க அகத்தாவுக்கு நேரமில்லை. விருந்தாளிகளைப் பார்த்து அன்பொழுகச் சிரித்தபடி அவர் அவள் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு கரண்டி சோறு போட்டறியாத கை, குழம்பை ஊற்றிப் பிசைந்து, பெரிய உருண்டையாக உருட்டி, அவள் வாயருகே நீண்டது.