உச்சிவெயிலில் உட்காருபவள்

புதிதாகக் கட்டி முடித்த பசுமைக்குடிலுக்குள், சரியாக உச்சிவெயில் நேரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள் என் மச்சினி. விசிறி கிடையாது. மடியில் கைக்கடிகாரம், பக்கத்தில் வெப்பமானி. ஒரு மணி நேரம் ஆகாமல் எழுந்திருக்க மாட்டாள். "நானே உக்கார முடியாத எடத்துல செடி எப்படி மாமா நிக்கும்?" என்பாள். தான் வரைந்து கட்டிய எந்தக் குடிலையும் இப்படி உட்கார்ந்து பார்க்காமல் அவள் ஒப்படைப்பதில்லை. ஒருமுறை வீம்புக்கு நானும் உட்கார்ந்தேன். பத்தாவது நிமிடமே தண்ணீர் கேட்டு ஓடிவந்ததை இன்றுவரை சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

படிப்பு முடித்த கையோடு அவள் கட்டிய முதல் குடில், குளிர்தேசத்துப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தது. நாலு பக்கமும் இறுக்க மூடி, பார்க்க மாளிகை மாதிரி இருந்தது. உள்ளே வெள்ளரிக்கொடிகள் இரண்டே நாளில் வெந்து தொங்கின. மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் தானே ஏணி போட்டு ஏறிக் கூரையைப் பிரித்தாள்.

அதன்பிறகு காகிதத்தைத் தொடும் முன் சந்தைக்குத்தான் போகிறாள். "எந்த மாசம் எந்தக் காய்க்குத் திண்டாடுறீங்க?" என்று வியாபாரிகளைத் துளைத்தெடுப்பாள். அப்புறம் மூங்கில் கடை, தச்சுப் பட்டறை. "ஒரு கம்பு ஒடிஞ்சா பக்கத்துத் தெருவுல கெடைக்கணும். கப்பல்ல வர்ற வரைக்கும் தக்காளி காத்துக்கிட்டு இருக்குமா?" கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஒரு திறப்பு விடுவாள், சூடு மேலேறி வெளியே போக. மழைக்கு அதன்மேல் ஒரு குட்டிக் கூரை.

போன வாரம் கட்டி முடித்தது, இருந்த வேலையை விட்டுவிட்டு நாற்று வளர்ப்பில் இறங்கிய ஒரு தம்பதிக்கு. நாலாயிரம் குடைமிளகாய் நாற்றுகள் தட்டுத் தட்டாக வெளியே மரநிழலில் காத்திருந்தன. வெயில் மேற்கே திரும்பினால் அந்த நிழலும் நகர்ந்துவிடும், அத்தனையும் சுருண்டுவிடும்.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். உள்ளே உட்கார்ந்த கால்மணி நேரத்திலேயே மச்சினியின் முகம் மாறியது. அண்ணாந்து பார்த்தாள். உச்சித் திறப்பை யாரோ பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தார்கள்.

"சாரல் அடிச்சா நாத்து அழுகிடுமோன்னு பயந்துட்டேம்மா," என்று கணவர் தலையைச் சொறிந்தார். மனைவிக்குக்கூடத் தெரியாமல் செய்த வேலை. அந்த அம்மாள் அவரைக் கண்ணாலேயே எரித்துவிட்டார்.

மச்சினி கோபிக்கவில்லை. எழுந்து நாற்காலியைக் காட்டினாள்.

"நீங்க கொஞ்சம் உக்காருங்கண்ணா."

ஏழு நிமிடம்தான். சட்டை தொப்பலாக நனைந்து வெளியே வந்தவர், யாரும் சொல்லாமலே ஏணியில் ஏறித் தாளைக் கிழித்தெறிந்தார்.

மறுபடியும் முதல் நிமிடத்திலிருந்து உட்கார்ந்தாள். வெப்பமானி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மரத்தடியில் நிழல் முதல் வரிசைத் தட்டுகளை விட்டு விலக ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைப்பானேன். "எங்க வீட்டுப் பொண்ணுங்க" என்று அந்த மனிதரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

ஒரு மணி நேரம் முடிந்தது. அந்த அம்மாள் முதல் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றார்.

"வைக்கலாமா?"

மச்சினி எழுந்து, நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளி, தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் காட்டினாள்.