சத்தியக்கடதாசியில் ஹாஜியார் கத்தோலிக்கரான கதை

மாத்தளையில் மிளகும் கராம்பும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். நான் விட்ட பிழைகளில் பெரியது எதுவென்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாங்க் மேனேஜர் போன் எடுத்தார். வரி இலாகாவிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறதாம். எங்கள் கணக்கிலிருந்து ஒரு சதமும் எடுக்க முடியாதாம். அவர்கள் கேட்ட வரி கூடுதல் என்று நாங்கள் போட்ட அப்பீல் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. வெள்ளிக்கிழமை சம்பளம். கராம்பு துப்புரவு செய்யும் நாற்பது பெண்களும் உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். அந்தச் சம்பளத்தை விட்டால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். ஆபீஸ் அதிரக் கத்தினார்.

"அப்பீல் இருக்கக்குள்ள எப்படிப் புடிப்பாங்க? அந்தப் பொம்புளைகளுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?"

கொழும்பு லோயர் வழி சொன்னார். அப்பீல் முடியும்வரை வரியை அறவிடக் கூடாதென்று நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டு, இடைக்காலத் தடையுத்தரவு கேட்கலாம். மனுவை அவர் எழுதுவார். அதோடு இணைக்க, சொல்வதெல்லாம் உண்மையென்று ஹாஜியார் சத்தியம் செய்து ஒப்பம் வைத்த சத்தியக்கடதாசியை நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் பழைய சத்தியக்கடதாசி ஒன்று இருந்தது. எங்கள் ஸ்டோர் கீப்பர் வஹகோட்டைக்காரர். அவருடைய காணி வழக்குக்காக நான் அடித்துக் கொடுத்தது. பெயர், அடையாள அட்டை நம்பர், விலாசம் மாற்றினேன். கீழே லோயர் அனுப்பிய விஷயத்தைப் போட்டேன். ஹாஜியார் வாசிக்காமல் ஒப்பம் வைத்தார். அதை உறுதிப்படுத்த வேண்டிய சமாதான நீதவான், 'வாசித்து விளங்கப்படுத்தினேன்' என்ற வரிக்குக் கீழே வாசிக்காமலே சீல் குத்தினார். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழன் காலை நீதிமன்ற வாசலில் லோயர் முதல் பக்கத்தைப் பார்த்தார். பிறகு, தொப்பியும் தாடியுமாக நின்ற ஹாஜியாரைப் பார்த்தார்.

"ஹாஜியார் எப்ப வேதத்துல சேந்தீங்க?"

'ரோமன் கத்தோலிக்கராகிய நான் சத்தியம் செய்து கூறுவதாவது' என்றிருந்தது. ஸ்டோர் கீப்பர் கத்தோலிக்கர்; பெயரை மாற்றிய நான் மதத்தை மாற்ற மறந்திருந்தேன்.

"வரி இலாகா லோயர் இதக் கண்டாப் போதும், சத்தியக்கடதாசி செல்லாதுன்னுருவார். மனுவும் அதோட போயிரும். யாரு டைப் பண்ணினது?"

"ஒப்பம் வெச்சது நான்," என்றார் ஹாஜியார். "வாசிக்காம வெச்சேன். திருத்த ஏலுமா ஏலாதா, அதச் சொல்லுங்க."

வெளியே டைப் அடிக்கிறவரிடம் ஓடினேன். புதிதாக அடித்து வந்ததை, பக்கத்திலிருந்த இன்னொரு சமாதான நீதவான் முன்னால் ஹாஜியார் சொல் சொல்லாக வாசித்தார். "இஸ்லாமியராகிய நான்... ம், சரி. மிச்சத்தையும் காட்டுங்க புள்ள." எங்கள் வழக்கைக் கூப்பிட ஐந்து நிமிடம்தான் இருந்தது. உத்தரவு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை உத்தரவின் பிரதியை பாங்கில் கொடுத்து, பின்னேரம் சம்பளம் போட்டோம். வரிசையில் முதலாவதாக நின்ற ராஜேஸ்வரி, "என்னா மிஸ், இன்னைக்கு இவ்வளவு லேட்டாக்கிட்டீங்க? பஸ்ஸும் போயிருச்சு!" என்று சண்டைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஸ்டோருக்குள் போய் அழுதேன்.

அன்றிலிருந்து யார் ஒப்பம் வைப்பதானாலும் முதல் வரியிலிருந்து சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். நேரமில்லை என்கிறவர்களிடம் பேனாவைக் கொடுப்பதில்லை. புதியவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அப்பீல் போன வருடம் முடிந்தது. பாதியைக் குறைத்து, மீதியைக் கட்டச் சொன்னார்கள். செக்கை ஹாஜியாரிடம் நீட்டும்போது, "இவ்வளவு ஓடியும் கடைசியில கட்டத்தானே வேண்டியிருக்கு," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"கட்ட மாட்டேன்னு நான் எப்ப சொன்னேன் புள்ள?" என்றார், ஒப்பம் வைத்துக்கொண்டே. "அந்தப் பொம்புளைகள்ட சம்பளத்த எடுத்துக் கட்ட மாட்டேன்னுதானே சொன்னேன்."