அடிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டேன்

சூளகிரி பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். பத்தாவது படிக்கும் மூத்த மகள் கபடிப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஒருநாள், "அம்மா, சார் எல்லார் முன்னாடியும் எடை போட்டு, குண்டுன்னு சிரிக்கிறாரு. மதியம் சாப்பிடக் கூடாதுங்கறாரு" என்றாள்.

"அடிச்சாரா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன? விளையாட்டுன்னா அப்படித்தான்" என்றேன்.

அடுத்த வாரம் மைதானத்தில் மயங்கி விழுந்தாள். பயிற்சி மையத்தில் சேர்க்கும்போது நான் படிக்காமலே கையெழுத்துப் போட்ட விதிமுறைத் தாளை அன்றுதான் எடுத்துப் பார்த்தேன். அவமானப்படுத்துவதும் பட்டினி போடுவதும்கூட 'துன்புறுத்தல்'தான் என்று அதில் தெளிவாக விளக்கியிருந்தார்கள். புகார் கொடுத்தேன்; பயிற்சியாளரை நீக்கினார்கள். ஆனால் மகள் மறுபடி விளையாடப் போகவேயில்லை.

இப்போது இளையவள் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறாள். அவள் வீட்டுக்கு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கிறேன்.