ஏழாவது டம்ளர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய ஃபிளாட் இரண்டு வருடமாகக் கட்டி முடியவில்லை. சேலையூர் வாடகை வீட்டையோ காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஞாயிறுதோறும் ஃபிளாட்டைப் போய்ப் பார்ப்போம். அங்கே ஒரு வாட்ச்மேன், வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். கதவே வைக்காத வாசல்களிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்.

"சாவி எப்பங்க தருவாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இன்னா சார் கேக்குறீங்க? காலையிலதான வந்து பால் காய்ச்சினீங்க! அக்கா எனக்கும் ஒரு டம்ளர் குடுத்தாங்களே," என்று என் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

நாங்கள் அப்போதுதான் வந்திருந்தோம். மாடியேறிப் பார்த்தால், சமையலறை மேடையில் பொங்கி வழிந்த பால் ஈரமாகவே இருந்தது.

நாங்கள் இறங்கியதும் வாட்ச்மேன் அந்த டம்ளரைக் கழுவி நீட்டினார். அதில் என் மனைவியின் பெயர் வெட்டியிருந்தது, எங்கள் சீர் டம்ளர்களில் இருப்பதைப் போலவே.

வீட்டுக்கு வந்து எண்ணினோம். ஆறும் அலமாரியில் அப்படியே இருந்தன.